நம்மையே துரத்தும் விமானம்

சில்டர்ன் குன்றுகளுக்கு மேலே 2,200 அடியில் பறந்துகொண்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். தெற்கு இங்கிலாந்தில் வெயில் அடித்தால் உரிமம் வைத்திருப்பவர் அத்தனை பேரும் வானத்தில்தான் இருப்பார்கள். திடீரென்று மடியிலிருக்கும் டேப்லெட் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று அலறுகிறது. திரையில் உங்கள் விமானத்தின் மேலேயே இன்னொரு விமானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயர வித்தியாசம் பூஜ்யம். இடம், வலம், மேலே, கீழே என்று கழுத்து வலிக்கப் பார்க்கிறீர்கள். யாரும் இல்லை. இடப்பக்கம் திரும்புகிறீர்கள், அதுவும் திரும்புகிறது. இறங்கினால் இறங்குகிறது.

அது நீங்கள்தான். உங்கள் விமானத்தில் உள்ள ஒரு கருவி சொன்னதை இன்னொரு கருவி கேட்டு, 'பக்கத்தில் ஆள் இருக்கிறது' என்று உங்களிடமே கோள் சொல்கிறது. விமானிகள் இதை கோஸ்ட் என்பார்கள். நாம் பேய் என்றே சொல்லிக்கொள்வோம்.

பேயால் நேரடி ஆபத்து எதுவும் இல்லை. புலி வருது, புலி வருது கதைதான் ஆபத்து. மூன்றாவது முறை அலறும்போது ஒலியை அணைத்துவிடுவீர்கள். நான்காவது முறை வருவது நிஜப் புலியாக இருக்கலாம். 2017 நவம்பர் 17 அன்று பக்கிங்ஹாம்ஷயரில் வாடெஸ்டனுக்கு அருகே ஒரு செஸ்னா 152 விமானமும் ஒரு கேப்ரி ஹெலிகாப்டரும் நடுவானில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். இரண்டும் ஒரே விக்கம் ஏர் பார்க்கிலிருந்து கிளம்பியவை. கண்ணால் பார்த்து விலகுவது என்ற பழைய நம்பிக்கைக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் உதவத்தான் இந்தக் கருவிகளை வாங்குகிறோம். வாங்கிவிட்டு ஒலியை அணைத்துவைப்பதில் என்ன பயன்?

பிரிட்டனில் இந்தச் சிக்கல் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. சிறு விமானங்களுக்கான கையடக்கக் கருவிகளின் தரத்தை கேப் 1391 என்ற ஆவணத்தில் விமானப் போக்குவரத்து ஆணையம் வகுத்தது. 2020 இலையுதிர்காலத்தில், கருவி வாங்குவோருக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 250 பவுண்டு திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. கண்ணாடியில் உறிஞ்சுகுமிழால் ஒட்டவைக்கும் ஸ்கைஎக்கோவும், பெட்டி வடிவ பைலட்அவேரும் காக்பிட்டுகளில் குடியேறின. அங்கே ஏற்கெனவே, ரேடார் கேட்டால் பதில் சொல்லும் ஒரு டிரான்ஸ்பாண்டர் குடியிருந்தது. சிலவற்றில் கிளைடர்காரர்களின் ஃபிளார்மும் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல கருவிதான். ஒரே காக்பிட்டில் சேர்ந்து வாழ்வதற்காக யாரும் அவற்றைச் செய்யவில்லை.

யார் பேசுகிறார், யார் கேட்கிறார்

எந்த அமைப்பையும் தொடும் முன் ஒரு தாளை எடுத்து இரண்டு பட்டியல் போடுங்கள். என் விமானத்திலிருந்து எவையெல்லாம் பேசுகின்றன? எவையெல்லாம் கேட்கின்றன? பயணியின் கைபேசியையும் விட்டுவிடாதீர்கள்.

பேசுபவை பலவகை. மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் முகவரியையும் உயரத்தையும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதோடு ஜிபிஎஸ்ஸை இணைத்து ஏடிஎஸ்-பி வசதியையும் திறந்துவிட்டால் இடத்தையும் நொடிக்கு இரண்டு முறை சொல்லும். கண்ணாடியில் ஒட்டிய கையடக்கக் கருவியும் அதே 1090இல் அதே ஏடிஎஸ்-பி மொழியைத்தான் பேசுகிறது. ஃபிளார்மும் பைலட்அவேரும் 868, 869 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தங்கள் சொந்த மொழிகளில் பேசுகின்றன. கைபேசிச் செயலிகள் இணையம் வழியாகப் பேசுகின்றன.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் பேய்கள் இரண்டு சாதி என்பது புரியும். உங்கள் பெட்டி உங்கள் டிரான்ஸ்பாண்டரையே கேட்டு மிரள்வது ஒன்று. அது கேட்பதில் உள்ள கோளாறு. தொல்லை உங்களுக்கு மட்டும். உங்கள் விமானமே வானத்தில் இரண்டு விமானமாகப் பேசுவது மற்றொன்று. அந்தக் கோளாறு உங்கள் திரையில் தெரியாமலே போகலாம். ஆனால் சுற்றியுள்ள எல்லாரும் உங்களை இரண்டாகப் பார்ப்பார்கள். நம் திரை சுத்தமாக இருந்தால் போதும் என்று திருப்திப்படுபவர்கள்தான் அதிகம். ஆகவே பேசுவதை முதலில் சரிசெய்யுங்கள், கேட்பதை அப்புறம்.

ஒரு விமானத்துக்கு ஒரு முகவரி

ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. உலகம் முழுவதற்குமாக 1 கோடியே 67 லட்சத்துக்குச் சற்று அதிகமான முகவரிகள். அவற்றை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனுடையவை 40 முதல் 43 வரையிலான எண்களில் தொடங்கும். ஜெர்மனியுடையவை 3சி முதல் 3எஃப் வரை. இந்தியாவுடையவை 80 முதல் 83 வரை. எழுதும்போது ஹெக்ஸ் முறையில் ஆறு இலக்கங்கள்: பூஜ்யம் முதல் 9 வரை எண்கள், ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்.

உங்கள் விமானத்தின் முகவரியை ஆணையத்தின் ஜி-இன்ஃபோ பதிவேட்டில் பதிவெழுத்தைப் போட்டுத் தேடி எடுங்கள். கிளப்பில் யாரோ எழுதி ஒட்டிய சீட்டிலிருந்து எடுக்காதீர்கள். 8 எது, பி எது என்று கையெழுத்தில் தெரியாது. இரண்டுமே செல்லுபடியாகும் என்பதால் கருவியும் தவறென்று சொல்லாது. சில டிரான்ஸ்பாண்டர்கள் இதே முகவரியை எட்டு இலக்கமுள்ள ஆக்டல் முறையில் கேட்கும். ஆறு இலக்கத்தை அதில் திணித்துவிட்டு முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்துச் சமாளித்தால், வேறொரு விமானத்தின் பெயரில் பறப்பீர்கள்.

டிரான்ஸ்பாண்டருக்குள் இருக்கும் முகவரியை ஏவியானிக்ஸ் பட்டறைக்காரர் எப்போதோ போட்டிருப்பார். அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்து ஜி- எழுத்தில் மறுபதிவு செய்த விமானங்களில் பழைய 3சி, 3டி முகவரி மாறாமல் கிடப்பதுண்டு. நீங்கள் கையடக்கக் கருவியில் சரியான பிரிட்டிஷ் முகவரியைப் போட்டிருப்பீர்கள். டிரான்ஸ்பாண்டரோ இன்னும் ஜெர்மன் குடிமகனாகவே பேசிக்கொண்டிருக்கும். கருவி அதை அந்நியன் என்று முடிவுகட்டி அலறும். பேயின் குறியீட்டைத் தொட்டுப் பாருங்கள். பல செயலிகள் அதன் முகவரியைக் காட்டும். முகவரி 3 என்று தொடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. இதை வடிகட்டி வைத்து மறைக்கக் கூடாது. பட்டறைக்குக் கொண்டுபோய் டிரான்ஸ்பாண்டரைத் திருத்த வேண்டும். தரையிலுள்ள ரேடாரும் உங்களைத் தவறான பெயரில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. ஒரு கிளப்பில் பொதுவாக வைத்திருந்த கருவியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினேன். முந்தின நாள் அது வேறொரு விமானத்தில் பறந்திருந்தது. முகவரியை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும், மாற்றவில்லை. கிளம்பிய ஐந்தாவது நிமிடம் திரையில் பேய். என் டிரான்ஸ்பாண்டர் என் உண்மையான முகவரியைச் சொல்ல, கருவி அதை யாரோ என்று நினைத்தது. எரிச்சலோடு திரும்பி வந்து இறங்குவட்டத்தில் சேர்ந்தபோது, வலப்பக்க ஜன்னலில் ஒரு விமானம் பெரிதாகத் தெரிந்தது. என் திரையில் அது இல்லை. அதுதான் முந்தின நாள் விமானம். அதன் முகவரியைத்தான் என் கருவி தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் அது சொன்னதையெல்லாம் 'இது நாம்தான்' என்று விலக்கிவிட்டது. அதன் கருவியும் என் ஒலிபரப்பை அப்படியே விலக்கிவிட்டது என்பதைத் தரையில் வந்து பேசியபோது தெரிந்துகொண்டோம். அன்றைக்கு என் திரையில் இல்லாத விமானம் இருந்தது. இருந்த விமானம் இல்லை. எங்களைக் காப்பாற்றியது ஜன்னல் கண்ணாடி.

இதைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் வேடிக்கை. ஏடிஎஸ்-பி தன் இடத்தை ஒற்றை, இரட்டை என்று இருவகைச் செய்திகளாக மாற்றி மாற்றி அனுப்பும். இரண்டையும் சேர்த்துத்தான் பெறுபவர் இடத்தைக் கணக்கிடுவார். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு விமானங்கள் ஒரே முகவரியில் பேசினால், ஒருவரின் ஒற்றையும் மற்றவரின் இரட்டையும் சேர்ந்து, இருவருமே இல்லாத மூன்றாவது ஓரிடத்தில் விமானம் முளைக்கலாம்.

ஆகவே, பொதுக் கருவியை எடுத்தால் முதல் வேலை முகவரி. அதன்பின்தான் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பது.

எதை வாயடைக்கச் செய்வது

டிரான்ஸ்பாண்டர் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு செய்கிறதா? அப்படியானால் கையடக்கக் கருவியைக் 'கேட்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே முகவரியில் இடம் சொன்னால், இரண்டு ஜிபிஎஸ், இரண்டு உயரம், இரண்டு தாமதம் கலந்து, மற்றவர் திரையில் நீங்கள் துள்ளித் துள்ளிப் போவீர்கள். டிரான்ஸ்பாண்டர் மோட் எஸ் மட்டும்தான், இடம் சொல்லாது என்றால், கையடக்கக் கருவி பேசலாம். இரண்டிலும் முகவரி ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏடிஎஸ்-பி வசதி உண்டென்று கையேடு சொன்னால் போதாது. ஜிபிஎஸ் கம்பி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். இணைக்காமல் விட்ட டிரான்ஸ்பாண்டர்கள் ஏராளம். அதை நம்பிக் கையடக்கக் கருவியையும் வாயடைத்துவிட்டால் இடம் சொல்ல ஆளே இருக்காது.

பேயை விரட்ட டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிடும் ஆட்களும் உண்டு. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத குறுக்குவழி. வேலைசெய்யும் டிரான்ஸ்பாண்டர் விமானத்தில் இருந்தால் பறக்கும்போது அதை இயக்க வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், பெரிய விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வேலைசெய்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது டிரான்ஸ்பாண்டர்தான். ஜன்னலில் ஒட்டிய 20 வாட் கருவி கத்திக்கொண்டே இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது.

பயணி தன் கருவியோடு வந்தால் அதையும் கேட்க மட்டும் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் தன் சொந்த விமானத்தின் முகவரியைத்தான் அதில் வைத்திருப்பார். மாற்றாமல் ஏறினால், ஹேங்கரில் தூங்கும் அவருடைய விமானம் உங்கள் வலது இருக்கையில் பறந்துகொண்டிருக்கும்.

வடிகட்டி

பேச்சு சரியான பிறகு கேட்பதற்கு வாருங்கள். கருவியின் அமைப்புப் பக்கத்தில் சொந்த விமானத்தின் முகவரியைக் கேட்கும் இடம் இருக்கும். சிலவற்றில் ஒலிபரப்பும் முகவரி ஓரிடத்திலும், விலக்க வேண்டிய முகவரி வேறோரிடத்திலும் இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது எல்லாரும் செய்வது. டேப்லெட்டில் ஓடும் வழிசெலுத்தும் செயலியின் விமான விவரப் பக்கத்திலும் அதே ஆறு இலக்கங்களைப் போடுங்கள். கருவி சரியாக விலக்கினாலும், செயலிக்கு வேறு வழியில் அதே செய்தி வந்து சேரலாம்.

ஃபிளார்ம் இருக்கும் விமானத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது தனக்கென்று ஒரு எண்ணை வைத்திருக்கும். பெரும்பாலும் டிடி என்று தொடங்கும். அதை மாற்றாமல் விட்டால், 1090இல் ஒரு பெயர், 868இல் இன்னொரு பெயர் என்று ஒரே விமானம் இரட்டை வேஷம் போடும். இரண்டையும் கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு நீங்கள் இருவர். ஃபிளார்மின் அமைப்புக் கோப்பில் அடையாள வரியில் ஆறு எஃப் எழுத்துகள் இருந்தால் அது தொழிற்சாலை எண். பூஜ்யம் போட்டிருந்தால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிய எண். ரகசியம் விரும்பும் கிளைடர்காரர்கள் பூஜ்யத்தை வைத்துக்கொள்வார்கள். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை எந்த வடிகட்டியிலும் பிடிக்க முடியாது. அங்கே உங்கள் ஆறு இலக்க முகவரியைப் போட்டுவிட்டால் இரண்டு பேச்சும் ஒன்றாகச் சேரும். மாற்ற முடியாத நிலை என்றால், ஃபிளார்ம் எண்ணைத் தனியாக விலக்கும் வசதி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

(கயிற்றால் இழுத்துச் செல்லும் விமானத்தின் திரையில் பின்னாலேயே ஒரு கிளைடர் தொங்கிக்கொண்டு வந்தால் அதை விலக்கிவிடாதீர்கள். அது பேய் இல்லை.)

பழைய மோட் ஏ/சி டிரான்ஸ்பாண்டர்தான் உண்மையான தலைவலி. அதற்கு முகவரியே கிடையாது. உயரத்தைச் சொல்லும். முகவரி இல்லாததை முகவரியை வைத்து விலக்க முடியாது. சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்துத் தூரத்தை ஊகிக்கும் கருவிகள், இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் டிரான்ஸ்பாண்டரை உச்சக்கட்ட ஆபத்து என்றுதான் நினைக்கும். உங்கள் உயரத்தில் வரும் பலமான சிக்னலையெல்லாம் விலக்கு என்று சொன்னால், அதே உயரத்தில் நிஜமாகவே நெருங்கும் பழைய விமானமும் போய்விடும். என் தேர்வு: மோட் சி எச்சரிக்கையை அணைத்துவைத்து, அந்தக் கருவி மோட் சி விமானங்களைக் காட்டாது என்று ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டிவைப்பேன். அரைகுறையாக வேலைசெய்யும் எச்சரிக்கையைவிட, இல்லை என்று தெரிந்த எச்சரிக்கை மேல். மாற்றுக்கருத்து உள்ளவர்களை நான் அறிவேன்.

இணையப் பேயை அடையாளம் காண்பது சுலபம்: அது எப்போதும் பின்னால் வரும். உங்கள் இடம் கைபேசியிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கும். 100 நாட் வேகத்தில் நொடிக்கு 51 மீட்டர் போகிறீர்கள். ஐந்து நொடி தாமதம் என்றால் கால் கிலோமீட்டர் பின்னால் உங்களின் பழைய நிழல் துரத்திக்கொண்டு வரும். கைபேசிச் செயலியிலும் பதிவெழுத்தையும் முகவரியையும் நிரப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மேலே போன பிறகு

ஐயம் வந்தால் முதலில் வெளியே பாருங்கள். பார்த்து முடித்த பிறகு 30 பாகை திரும்புங்கள். கூடவே அதே நொடியில் திரும்புவது பேயாக இருக்க வாய்ப்பு அதிகம். உயர வித்தியாசம் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிரான்ஸ்பாண்டர் வெளிக்காற்றழுத்தக் குழாயிலிருந்து உயரம் எடுக்கிறது. கையடக்கக் கருவி காக்பிட்டின் உள்காற்றிலிருந்து எடுக்கிறது. ஜன்னலைத் திறந்தாலே உள்ளழுத்தம் மாறும். ஆகவே 100 அடி மேலேயோ கீழேயோ மாறாமல் ஒட்டிவரும் விமானமும் நீங்களாக இருக்கலாம். இடம் காட்டாமல் உங்களைச் சுற்றி வெறும் வளையமாகத் தெரிந்தால் டிரான்ஸ்பாண்டரைச் சந்தேகியுங்கள்.

கண்டுபிடித்த உடனே அமைப்புப் பக்கத்தைத் திறந்து நோண்ட ஆரம்பிக்காதீர்கள். லண்டனைச் சுற்றிப் பல இடங்களில் கட்டுப்பாட்டு வான்வெளி 2,500 அடியிலேயே தொடங்கிவிடுகிறது. அதன் கீழே எல்லாரும் நெருக்கியடித்துப் பறக்கிறோம். குனிந்து ஆறு இலக்கம் தட்டும் அந்த அரை நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆள் இல்லை. நேரம், திரையில் தெரிந்த முகவரி, உயர வித்தியாசம் மூன்றையும் முழங்கால் பலகையில் குறித்துக்கொண்டு பறப்பைத் தொடருங்கள்.

இறங்கிய பிறகு, விமானங்களின் பாதையைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தில் உங்கள் பறப்பைத் தேடுங்கள். உங்கள் பாதை ஒரே பெயரில் ஒரே கோடாக இருக்கிறதா, இரண்டு பெயரில் இருக்கிறதா, கோடு முள்ளுமுள்ளாக இருக்கிறதா? முள் இருந்தால் ஒரே பெயரில் இருவர் பேசியிருக்கிறார்கள். இரண்டு பெயர் இருந்தால் எங்கோ முகவரி தவறு. நண்பர் ஒருவர் தன் கருவியோடு பக்கத்து விமானத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வெட்டவெளியில் உங்கள் ஒலிபரப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டு, அவர் திரையில் எது மறைகிறது என்று கேளுங்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதீர்கள். பேய் போய்விடும், எதனால் போனது என்று தெரியாது. நிற்கும் விமானத்தைச் சில கருவிகள் காட்டாது என்பதால், தரையில் கிடைத்த விடையை அடுத்த பறப்பில் ஒருமுறை சரிபாருங்கள்.

கருவியை அலமாரியில் திருப்பி வைக்கும் முன் ஒலிபரப்பை அணைத்துவிட்டு, கடைசியாகப் பறந்த விமானத்தின் பதிவெழுத்தைப் பென்சிலால் எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். அடுத்து எடுப்பவர் அந்தச் சீட்டைக் கிழித்தால்தான் பொத்தானைத் தொட முடியும் என்பதுபோல ஒட்டுங்கள். எங்கள் கிளப்பில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். காரணம் யார் என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள்.